எண்ணத்தை எழுதி வைத்துப் பார்ப்பது: சிபிடியை நீங்களாகவே தொடங்க ஒரு விளக்கம்

மனசு சரியில்லை என்று யாரிடமாவது சொன்னால் பெரும்பாலும் வரும் பதில், "அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே." சொல்பவருக்கு நம் மேல் அக்கறை இருக்கிறது. ஆனால் நினைக்காமல் இருப்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நினைக்கக் கூடாது என்று முயன்றால் அந்த நினைப்பு இன்னும் ஒட்டிக்கொள்கிறது. 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் இதைச் சோதித்துப் பார்த்தார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்று சொல்லி ஆட்களை ஐந்து நிமிடம் உட்கார வைத்தார். மணி திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தது.

சிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை வேறு வழியில் போகிறது. எண்ணத்தைத் துரத்தாதே, உட்கார வைத்து விசாரி என்கிறது. அந்த எண்ணம் சொல்வது உண்மையா, பாதி உண்மையா, வெறும் பயமா என்று பார். பிறகு வெளியே போய், அது சொன்னபடிதான் நடக்கிறதா என்று செய்தும் பார். பெயரில் இருக்கும் அறிவாற்றல், நடத்தை என்ற இரண்டு சொற்களுக்கும் அர்த்தம் அதுதான்.

நான் மருத்துவம் படித்தவரில்லை. பதற்றம் அதிகமாக இருந்த காலத்தில் ஓர் ஆலோசகரிடம் இந்த முறையைக் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாகவே பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். தொடங்கும்போது எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்போம். சிபிடியின் பாதி இந்தப் பழமொழியிலேயே இருக்கிறது. இருட்டில் ஏதோ நிற்கிறது. "பேய்" என்று மனம் சொல்கிறது. உடனே நெஞ்சு படபடக்கிறது, கால் ஓடுகிறது. பயத்தைக் கிளப்பியது இருட்டில் நின்ற பொருள் இல்லை, அதற்கு மனம் வைத்த பெயர். பழமொழி சொல்லாமல் விட்ட மீதிப் பாதியும் முக்கியம். ஓடிவிட்டதால், அது பேயா மரமா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு போய்விட்டது. "நல்லவேளை, ஓடினதால தப்பிச்சேன்" என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சுகிறது. மறுநாள் அந்தப் பக்கம் போகவே பயம். எண்ணம், உணர்ச்சி, உடம்பு, செயல் நான்கும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு சுற்றுகின்றன. இந்தச் சுழலில் எண்ணத்திலும் செயலிலும்தான் நாம் நேரடியாகக் கை வைக்க முடியும். "பயப்படாதே" என்று உணர்ச்சிக்கு உத்தரவு போட யாராலும் முடியாது.

இதை ஒரு சிகிச்சையாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஆரன் பெக், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர். 1921இல் பிறந்து 2021இல் தன் நூறாவது வயதில் காலமானார். அடிமனதில் புதைந்திருப்பதைப் பேச்சின் வழியே வெளிக்கொண்டுவரும் உளப்பகுப்பாய்வு முறையில் பயிற்சி பெற்ற அவர், நோயாளி ஒருவர் தன் கதைகளை விரிவாகச் சொல்லிக்கொண்டே பதற்றத்தில் இருந்ததைக் கவனித்தார். விசாரித்தபோது, தன் பேச்சு டாக்டருக்குச் சலிப்பாக இருக்குமோ என்ற எண்ணம் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. வாய் பேசும் பேச்சுக்கு அடியில் இன்னொரு பேச்சு ஓடுகிறது, அது வேகமாக வந்து போய்விடுவதால் பேசுகிறவரே அதைக் கவனிப்பதில்லை. பெக் இவற்றைத் தானாக எழும் எண்ணங்கள் என்று அழைத்தார். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே, 1950களின் நடுவில், நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ் இதற்கு நெருக்கமான முறையைத் தொடங்கியிருந்தார். பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறைகள் நடத்தை ஆய்வாளர்களிடமிருந்து வந்து சேர்ந்தன. வரலாறு இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை

முறை எப்படி வேலை செய்கிறது என்பதை என் நோட்டிலிருந்தே காட்டுகிறேன். ஒரு நாள் மாலை மேலதிகாரியிடமிருந்து ஒரு வரி வந்தது: "நாளைக்குக் காலையில் கொஞ்சம் பேசணும்." அவ்வளவுதான். வயிறு இறுகியது, கை சில்லிட்டது. அனுப்பிய அறிக்கையைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கத் தொடங்கினேன். மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் நோட்டு ஞாபகம் வந்தது.

முதலில் நடந்ததை எழுதினேன். "செவ்வாய், மாலை 6.15. நாளை பேச வேண்டும் என்று செய்தி வந்தது." இந்த இடத்தில் கேமராவில் பதிவாகக்கூடியது மட்டும்தான் வரவேண்டும். "கோபமாகச் செய்தி அனுப்பினார்" என்று எழுதினால் அங்கேயே தீர்ப்பும் நுழைந்துவிடுகிறது.

அடுத்து உணர்ச்சியும் அதன் அளவும். பயம் 85, வெட்கம் 60. நூற்றுக்கு எவ்வளவு என்று மனசில் படுகிற எண் போதும், துல்லியம் தேவையில்லை. ஆனால் எண் அவசியம். இல்லையென்றால் பின்னால் குறைந்ததா கூடியதா என்று தெரியாது.

அப்புறம் எண்ணம். இங்கேதான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள். நான் முதலில் எழுதியது, "எதற்குக் கூப்பிடுகிறார்?" இது கேள்வி. கேள்வியைச் சரி தப்பு என்று சோதிக்க முடியாது. அந்தக் கேள்விக்கு என் மனம் ஏற்கெனவே சொல்லிவிட்ட பதில் என்ன என்று பார்க்க வேண்டும். "அறிக்கையில் பெரிய தப்பு இருக்கிறது." சரி, அப்படியே இருந்தால்? "நான் கவனமில்லாத ஆள் என்று முடிவு செய்துவிடுவார்." செய்தால்? "இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்." இதை எழுதியபோது வயிறு இன்னொரு முறை இறுகியது. அப்போது தெரிந்தது, சுடுகிற எண்ணம் இதுதான் என்று. அதை எவ்வளவு நம்புகிறேன் என்று பக்கத்தில் எழுதினேன்: 80.

இன்னொரு குழப்பமும் எல்லோருக்கும் வரும். "நான் ஒதுக்கப்பட்ட மாதிரி உணர்கிறேன்" என்று உணர்ச்சிக்குக் கீழே எழுதிவிடுவோம். அது எண்ணம். உணர்ச்சிகளுக்குப் பெரும்பாலும் ஒரே சொல் போதும்: பயம், சோகம், கோபம், வெட்கம், குற்றவுணர்வு. ஒரு முழு வாக்கியம் தேவைப்பட்டால் அது அநேகமாக எண்ணமாகத்தான் இருக்கும்.

இனி விசாரணை. அந்த எண்ணத்துக்கு ஆதரவான சாட்சியைத்தான் முதலில் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு நேரே ஆறுதலுக்குப் போனால் மனம் நம்பாது. "போன மாத அறிக்கையில் ஒரு அட்டவணையில் எண் தவறாக இருந்தது, அவர் சுட்டிக்காட்டினார்" என்று எழுதினேன். "அவருக்கு என் மேல் நம்பிக்கை போய்விட்டது" என்றும் எழுதி, பிறகு அடித்தேன். அது என் ஊகம், அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

எதிரான சாட்சிக்காகப் பழைய செய்திகளைத் தேடினேன். இதே மாதிரி "பேசணும்" என்று அந்த ஆண்டில் நான்கு முறை அனுப்பியிருக்கிறார். இரண்டு முறை வேலைப் பங்கீடு மாற்றுவதற்கு, ஒரு முறை என் விடுப்பு பற்றி, ஒரு முறைதான் தவறு பற்றி. அந்தத் தவறைச் சொன்ன வாரத்திலேயே புதிய பொறுப்பு ஒன்றையும் என்னிடம் கொடுத்திருக்கிறார். லாயக்கில்லாத ஆளிடம் யாரும் அப்படிக் கொடுக்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள்தான். ஆனால் 85 அளவு பயத்தில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. பயம் தனக்குச் சாதகமான சாட்சியை மட்டுமே கூப்பிடும். அதனால்தான் தாளில் எழுத வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். தலைக்குள் நடக்கும் வாதத்தில் வக்கீல், நீதிபதி எல்லாமே பயம்தான்.

கடைசியாக, இரண்டு பக்கச் சாட்சிகளையும் சேர்த்து ஒரு புதிய வாக்கியம். "எதற்கு என்று தெரியாது. அறிக்கையில் தவறு இருக்கலாம். இருந்தால் திருத்தச் சொல்வார், முன்பும் அப்படித்தான் நடந்தது. ஒரு தவறை வைத்து என் தகுதியை அவர் எடை போட்டதாக இதுவரை சாட்சி இல்லை." மறுபடி பயத்தை அளந்தேன்: 50. சுடுகிற எண்ணத்தின் மேல் நம்பிக்கை: 35.

இந்த 50ஐப் பார்த்து "அவ்வளவுதானா?" என்று கேட்கலாம். எனக்கு அது பெரிய விஷயம். 85இல் தூங்க முடியாது, 50இல் விளக்கை அணைத்துப் படுக்கலாம். பூஜ்யத்துக்குக் கொண்டுவர முயன்றால் நமக்கே நம்பிக்கையில்லாத வாக்கியங்களை எழுதத் தொடங்குவோம். "எல்லாம் நல்லதாகவே நடக்கும்" என்று எழுதுவது சிபிடி இல்லை. மறுநாள் உண்மையிலேயே அறிக்கையில் ஒரு தவறு இருந்தது. கால் மணி நேரம் பேசித் திருத்தினோம்.

இப்படிப் பத்துப் பதினைந்து பக்கங்கள் சேர்ந்ததும் உங்கள் மனம் வழக்கமாக எந்தப் பள்ளத்தில் விழுகிறது என்று தெரியவரும். ஒருவருக்கு, சின்னத் தடங்கலும் பேரழிவாகத் தெரியும். இன்னொருவர் அடுத்தவர் மனசில் இருப்பதைப் படித்துவிட்டதாக நம்புவார். நூற்றுக்கு நூறு இல்லையென்றால் பூஜ்யம் என்பது சிலருக்கு. பத்துப் பாராட்டில் ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்வது சிலருக்கு. இவற்றைச் சிந்தனைத் திரிபுகள் என்பார்கள். பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்களுடையது எது என்று ஒன்றிரண்டைக் கண்டுகொண்டால் போதும். "ஐயோ, மறுபடி திரித்துவிட்டேன்" என்று உங்களையே திட்ட அதைப் பயன்படுத்தவும் வேண்டாம்.

செயலிலிருந்து தொடங்க வேண்டியவர்கள்

மனச்சோர்வு அதிகமாக இருக்கும்போது மேலே சொன்ன எழுத்து வேலையே மலையாகத் தெரியும். அப்படியென்றால் எண்ணத்தை விட்டுவிடுங்கள், செயலில் தொடங்குங்கள். என்னைக் கேட்டால், சோர்வில் இருப்பவர்களுக்கு இதுவே முதல் படி.

சோர்வு வந்தால் ஒவ்வொன்றாக விட்டுவிடுவோம். நடப்பது, நண்பர்களை அழைப்பது, பிடித்த வேலைகள். விட விட, மனசுக்குத் தெம்பு தரும் எதுவும் நாளில் மிஞ்சாது. சோர்வு கூடும். இன்னும் விடுவோம். "மனசு வரட்டும், அப்புறம் செய்கிறேன்" என்று காத்திருக்கிறோம். ஆனால் இந்த நிலையில் மனசு முதலில் வராது. செய்யத் தொடங்கிய பிறகு மெதுவாகத்தான் பின்னால் வரும். 1996இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்குச் செயல்களைக் கூட்டும் பகுதியை மட்டும் கொடுத்தார்கள். எண்ணங்களை ஆராயும் பகுதியும் சேர்ந்த முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இணையாக அவர்களும் தேறினார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு வாரம் முழுக்க, என்ன செய்தீர்கள் என்று மணிக்கணக்கில் சுருக்கமாகக் குறித்து வையுங்கள். பக்கத்தில் இரண்டு எண்கள், பத்துக்கு எவ்வளவு என்று: எவ்வளவு இதமாக இருந்தது, செய்து முடித்த திருப்தி எவ்வளவு. இரண்டையும் பிரித்துப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. துணி மடிப்பது இதம் 1, திருப்தி 5 ஆக இருக்கலாம். போனைத் தள்ளிக்கொண்டே படுத்திருந்த இரண்டு மணி நேரம் இரண்டிலும் 1 என்று நீங்களே எழுதும்போது, "ஓய்வு" என்று நினைத்தது ஓய்வு இல்லை என்று தெரியும். அடுத்த வாரம், எண் சற்றுக் கூடுதலாக இருந்த செயல்களில் இரண்டை எடுத்து, நாளும் நேரமும் போட்டுத் திட்டமிடுங்கள். "உடற்பயிற்சி செய்ய வேண்டும்" என்பது திட்டம் ஆகாது. "புதன் காலை 7 மணிக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நடப்பேன்" என்பது திட்டம். அவமானமாகத் தோன்றும் அளவுக்குச் சின்னதாக வையுங்கள். செய்து முடிக்கிற அளவுதான் இப்போதைக்குச் சரியான அளவு.

பதற்றக்காரர்களுக்குச் செயல் என்றால் வேறு அர்த்தம். முன்பு பேய் என்று பயந்து ஓடினோமே, அந்த மரத்தின் அருகே போய்ப் பார்ப்பது. கூட்டத்தில் பேசப் பயம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கணிப்பை எழுதுங்கள்: "கேள்வி கேட்டால் குரல் நடுங்கும், எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்." நம்பிக்கை 75. பிறகு அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எத்தனை பேர் திரும்பினார்கள், எத்தனை பேர் சிரித்தார்கள் என்று கவனியுங்கள். வந்து எழுதுங்கள். குரல் நடுங்கியிருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை, இருவர் பதில் சொன்னார்கள் என்பதும் அதே பக்கத்தில் இருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். கேள்வியை முன்கூட்டியே பத்து முறை எழுதிப் பார்த்து, யார் கண்ணையும் பார்க்காமல், வேகமாகக் கேட்டு முடித்தால் சோதனை கெட்டுவிடும். "அப்படியெல்லாம் செய்ததால்தான் தப்பித்தேன்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். இவற்றுக்குப் பாதுகாப்புப் பழக்கங்கள் என்று பெயர். ஒவ்வொன்றாக இவற்றைக் கழற்றினால்தான் பயத்துக்குப் பாடம் கிடைக்கும். திடீரென்று நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும் பீதித் தாக்குதலிலும் இதே கதைதான். படபடப்பை மாரடைப்பு என்று மனம் படிக்கிறது, அந்த பயத்தில் படபடப்பு கூடுகிறது, நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டதால் பிழைத்ததாக நம்புகிறோம். இதற்கு மட்டும், இதயத்தில் பிரச்சினை இல்லை என்று ஒரு மருத்துவரிடம் பார்த்துக்கொண்ட பிறகே பயிற்சியைத் தொடங்குங்கள்.

பயம் பெரிதாக இருந்தால் ஏணி மாதிரிப் படிகள் போட்டுக்கொள்ளலாம். கீழ்ப்படியில் 30 அளவு பயம் தருவது, மேலே 90 தருவது. ஒரே படியைப் பல தடவை செய்து, அலுத்துப்போகிற அளவுக்கு வந்ததும் அடுத்ததற்கு ஏறலாம்.

எண்ணம் உண்மையாகவே இருந்தால்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் சிபிடி பற்றிப் பேசுவது நியாயமில்லை. கடன் உண்மையிலேயே கழுத்தை நெரிக்கலாம். வீட்டில் உண்மையிலேயே அடி விழலாம். பிரியமானவர் இறந்திருக்கலாம். அங்கே "உன் சிந்தனையை மாற்று" என்று சொல்வது கொடுமை. சாட்சிகளைப் பார்த்த பிறகு எண்ணம் சரிதான் என்று வந்தால் வேலை வேறு. தீர்க்கக்கூடிய பிரச்சினை என்றால் அடுத்த ஒரு சின்ன அடி என்ன, யாரிடம் உதவி கேட்பது என்று எழுதுங்கள். ஆபத்து என்றால் முதலில் பாதுகாப்பான இடம், நோட்டு அப்புறம். துக்கம் என்றால் அதை விசாரிக்கவே வேண்டாம். துக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் "நான்தான் காரணம்" என்பது போன்ற தீர்ப்புகளை மட்டும் பிறகு ஒரு நாள் எடுத்துப் பார்க்கலாம்.

தனியாகச் செய்வதற்கும் எல்லை உண்டு. லேசான, நடுத்தர அளவிலான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தான் சுய உதவி முறை பொருந்தும். சாக வேண்டும் என்ற எண்ணமோ உங்களைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்தால் இந்த நோட்டோடு தனியாக உட்காராதீர்கள். அன்றைக்கே நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரையோ உங்கள் நாட்டின் உதவி எண்ணையோ அழையுங்கள். பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்பது, நாள்கணக்கில் தூக்கமே தேவைப்படாத பரபரப்பு, பழைய கொடுமை கண்முன் திரும்ப நடப்பது போல் வருவது, உணவையே விட்டுவிடுவது, குடியையோ போதைப்பொருளையோ நிறுத்த முடியாதது, இவற்றுக்கெல்லாம் மருத்துவரோ ஆலோசகரோ உடன் இருக்க வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மாத்திரையும் சிபிடியும் ஒன்றாகவே போகலாம்.

உங்கள் மனச்சோர்வு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க பிஎச்க்யூ-9 (PHQ-9) என்ற வினாத்தாள் உதவும். தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு மருத்துவரிடம் பேசுவது நல்லது. ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், யாரிடமாவது பேச வேண்டும். இது நோயைக் கண்டறியும் கருவி ஆகாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டுப் பார்த்தால் போகிற திசை தெரியும்.

எப்படித் தொடங்குவது? ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள், தூக்கமும் கோபமும் கூட்டப் பயமும் எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டாம். முதல் வாரம் எதையும் மாற்ற முயல வேண்டாம். மனநிலை சட்டென்று மாறும் நேரத்தில், "இப்போது தலைக்குள் என்ன ஓடியது?" என்று கேட்டு ஒரு வரி எழுதினால் போதும். இரண்டாம் வாரத்திலிருந்து, நாளுக்கு ஒரு எண்ணத்தை மட்டும் முழுமையாக விசாரியுங்கள். 20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரம் எழுதிக்கொண்டே இருந்தால் அது விசாரணை இல்லை, அதே கவலையைப் பேனாவால் செய்வது. எனக்கு அப்படி நடந்திருக்கிறது. பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, தொடங்கியதைவிட மோசமாக எழுந்திருக்கிறேன்.

பாதியில் விடாமல் இருக்க ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுய உதவி முறையிலும் வாரம் ஒரு முறை வழிகாட்டியோடு பேசுகிறவர்களுக்கு, முழுக்கத் தனியாகச் செய்கிறவர்களைவிடப் பலன் நன்றாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆலோசகர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் "இந்த வாரம் நோட்டு எழுதினியா?" என்று கேட்க ஒரு நண்பர். நோட்டில் இருப்பதை அவரிடம் காட்ட வேண்டியதில்லை.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் எண்கள் அசையவே இல்லை என்றால் முறை உங்களுக்கு ஒத்துவரவில்லை, அல்லது கூட ஆள் தேவை என்று அர்த்தம். நீங்கள் முயலவில்லை என்று அர்த்தம் இல்லை.

தேறிய பிறகும் சறுக்கும் நாட்கள் வரும். அதற்காக நோட்டின் கடைசிப் பக்கத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள், நன்றாக இருக்கும் ஒரு நாளில். சரிவு தொடங்குவதை எந்த அறிகுறியில் கண்டுகொள்வீர்கள், அப்போது முதலில் என்ன செய்வீர்கள், யாரை அழைப்பீர்கள். என் பக்கத்தில் மூன்று வரிதான் இருக்கிறது. அனுப்பிய செய்தியை மூன்றாவது தடவை திறந்து படித்தால் நோட்டை எடு. இரண்டு நாள் வெளியே போகவில்லையென்றால் பத்து நிமிடம் நட. ஒரு வாரம் இப்படியே போனால் ஆலோசகரிடம் நேரம் வாங்கு.